கேங்ஸ்டர் படத்தின் முதல் காட்சி: பிரித்துப் படிப்பதிலிருந்து நம் ஊருக்கு ஒன்று எழுதுவது வரை

கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஒரு மாடி அறையில் ஞாயிற்றுக்கிழமைதோறும் கூடுகிறோம். குறும்படம் எடுக்க ஆசைப்படுகிறவர்கள்தான் எல்லாரும். பாதிப் பேர் புதுச்சேரியிலிருந்து பஸ் ஏறி வருகிறார்கள். புதிதாக வருகிறவர்கள் பெரும்பாலும் ரவுடி கதையோடுதான் வருவார்கள். முதல் பக்கமும் அநேகமாக ஒரே மாதிரி இருக்கும். கார் கதவு திறக்கும், ஷூ தெரியும், சிகரெட் புகை வரும், ஸ்லோமோஷனில் நாலு பேர் பறப்பார்கள்.

படித்து முடித்ததும், “இந்த ஆளைப் பற்றி என்ன தெரிந்தது?” என்று கேட்பேன். “பெரிய ஆள்” என்பார்கள். “அப்புறம்?” என்றால் பதில் வராது.

ஒரு தாதா எவ்வளவு பெரிய ஆள் என்பது அவர் உடம்பில் தெரியாது. பக்கத்தில் நிற்கிறவன் உடம்பில்தான் தெரியும். நல்ல கேங்ஸ்டர் படங்களின் முதல் காட்சிகளைப் பிரித்துப் பார்த்தால் திரும்பத் திரும்பக் கிடைப்பது இதுதான். பிரிப்பதற்கு ஒரு வரிசை இருக்கிறது. வரிசையை மாற்றினால் கண்ணில் படவேண்டியது படாமல் போகும் என்பதால், கீழே உள்ள எண்களின்படியே போங்கள்.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

ஏற்கெனவே ஒரு முறையாவது முழுதாகப் பார்த்த படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பார்க்காத படத்தின் முதல் காட்சியைப் பிரிக்க முடியாது. அது எதற்காக வைக்கப்பட்டது என்பது கடைசியில்தான் தெரியும். 1972-ல் வந்த காட்ஃபாதரில் முதலில் வந்து கெஞ்சுகிற பொனசேரா பிணங்களை அடக்கத்துக்குத் தயார் செய்யும் தொழில் செய்பவர். மாஃபியா தலைவரான டான் அவரிடம், என்றாவது ஒரு நாள் பதிலுக்கு ஒரு உதவி கேட்பேன் என்கிறார். சுட்டுக் கொல்லப்பட்ட தன் மகனின் உடலை, அந்த மகனின் அம்மா பார்க்கும்படி சரிசெய்து தரச் சொல்வதுதான் பிறகு கேட்கும் அந்த உதவி. இது தெரிந்து பார்க்கிறவருக்கும் தெரியாமல் பார்க்கிறவருக்கும் முதல் காட்சி ஒன்றாக இருக்காது.

யூடியூப் துண்டை வைத்து வேலை செய்யாதீர்கள். அங்கே போடுகிறவர்கள் ஆரம்பத்தில் வரும் இருட்டை வெட்டிவிடுவது உண்டு. காட்ஃபாதர் கறுப்புத் திரையில் ஒரு குரலோடு தொடங்குகிறது. அந்தக் கறுப்பு இல்லாவிட்டால் நீங்கள் பிரிப்பது வேறு காட்சி. முழுப் படத்தையே ஓடவிடுங்கள்.

ஒரு நோட்டு, பென்சில், ஃபோனில் ஸ்டாப்வாட்ச், ஹெட்போன் போதும்.

2. காட்சி எங்கே முடிகிறது என்று முதலில் குறியுங்கள்

டைட்டில் வரும் இடத்தில் நிறுத்திவிடுவதுதான் முதல் தவறு. முதல் காட்சிக்கு எல்லை அதுவல்ல. படம் முதன்முறையாக வேறு காலத்துக்கோ வேறு ஊருக்கோ நகரும் இடத்தை எல்லையாக வைத்துக்கொள்ளுங்கள்.

1990-ல் வந்த குட்ஃபெல்லாஸில் எல்லை தெளிவாக இருக்கிறது. ராத்திரியில் ஓடும் காரில் தொடங்கி, கதையைச் சொல்லும் ஹென்றியின் முகம் உறைந்து நின்று, அவன் குரலும் பாட்டும் வந்து, 1955-க்குப் போகும் இடம் வரை. காட்ஃபாதரில் அறையோடு நிறுத்திக்கொள்ளக் கூடாது. வெளியே நடக்கும் கல்யாணமும் சேர்ந்ததுதான், மொத்தம் 25 நிமிடத்தை ஒட்டி வரும். உள்ளே இருட்டு, வெளியே வெயில் என்ற எதிரெதிர் இரண்டையும் சேர்த்துத்தான் அந்தத் தொடக்கம் பேசுகிறது.

3. சத்தத்தை அணைத்துவிட்டு ஒரு முறை

வசனம் காதில் விழுந்தால் கண் சோம்பேறியாகிவிடும். அதனால் முதல் சுற்று ஊமைப் படமாக ஓடட்டும். ஒரு ஷாட் முடிந்து அடுத்தது வரும் ஒவ்வொரு ‘கட்’டுக்கும் ஒரு கோடு போடுங்கள். ஃப்ரேமில் யார் முகம் தெரிகிறது, யார் முதுகு தெரிகிறது என்று மட்டும் எழுதுங்கள்.

காட்ஃபாதரில் ஏறக்குறைய மூன்று நிமிடத்துக்கு உங்கள் நோட்டில் கோடே விழாது. பொனசேராவின் முகத்திலிருந்து கேமரா மிக மெதுவாகப் பின்வாங்கிக்கொண்டே இருக்கும். பிறகு ஃப்ரேமின் ஓரத்தில் ஒரு தலையின் பின்பக்கமும் தோளும் வரும். அழுகிறவர் குரல் உடையும்போது அந்தத் தோளிலிருந்து ஒரு கை லேசாக அசையும். உடனே யாரோ ஒருவர் ஒரு கிளாஸைக் கொண்டுவந்து கொடுப்பார். இவ்வளவுதான். டானின் முகம் இன்னும் தெரியவில்லை, அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. ஆனால் விரல் அசைந்தால் வேலை நடக்கிற வீடு இது என்று தெரிந்துவிட்டது. இந்தக் கை அசைவை மட்டும் பத்து முறை ஓட்டிப் பாருங்கள். எங்கள் அறையில் புதிதாக வருகிறவர்களுக்கு நான் முதலில் காட்டுவது இதைத்தான்.

முகம் தெரியும்போதும் முழுதாகத் தெரியாது. ஒளிப்பதிவாளர் கார்டன் வில்லிஸ் விளக்கை மேலிருந்து விழவைத்ததால் கண் குழிகள் நிழலில் மூழ்கியிருக்கும். அந்த ஆள் என்ன நினைக்கிறார் என்று கண்ணைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. எதிரே நிற்கிற பொனசேராவின் நிலையில் நம்மையும் நிறுத்திவிடுகிறார்.

இந்தச் சுற்றில் புதியவர்கள் ‘லோ ஆங்கிள்’ (கீழிருந்து மேலே பார்க்கும் ஷாட்), ‘சிவப்பு லைட்’ என்று பட்டியல் போடுவார்கள். பட்டியல் மட்டும் போதாது. ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில், “இதனால் எனக்கு யாரைப் பற்றி என்ன தெரிந்தது?” என்று ஒரு வரி எழுத வேண்டும். எழுத வரவில்லை என்றால் அந்தக் குறிப்பை அடித்துவிடுங்கள்.

4. படத்தை மறைத்துவிட்டு சத்தம் மட்டும்

திரையைத் திருப்பி வைத்து ஹெட்போனில் கேளுங்கள். பேச்சு, பேச்சல்லாத சத்தம், இசை என்று மூன்றையும் தனித்தனியாகக் குறியுங்கள்.

குட்ஃபெல்லாஸில் கதையை நகர்த்துவதே ஒரு சத்தம்தான். காருக்குள் தட்டுகிற ஒலி. டயரா, எதையாவது இடித்துவிட்டோமா என்று மூன்று பேரும் யோசிக்கிறார்கள். அது டிக்கியிலிருந்து வருகிறது, உள்ளே இருக்கிறவனுக்கு இன்னும் உயிர் போகவில்லை. 1932-ல் வந்த ஸ்கார்ஃபேஸில் கொலைகாரனின் நிழலும் அவன் அடிக்கிற விசிலும்தான் முதலில் வரும். சிட்டி ஆஃப் காட் கத்தி தீட்டுகிற சத்தத்தோடு தொடங்குகிறது. மூன்றிலுமே ஆபத்து முதலில் காதுக்குத்தான் வருகிறது.

நம் பையன்கள் தவறுவது இங்கே அதிகம். ஆள் வருவதற்கு முன்னாலேயே பிஜிஎம் போட்டு “இவர் பயங்கரமானவர்” என்று சொல்லிவிடுவார்கள். இசை முன்கூட்டியே சொல்லிவிட்டால் காட்சிக்கு வேலை இல்லை. குட்ஃபெல்லாஸில் பாட்டு எங்கே வெடிக்கிறது என்று பாருங்கள். கொலை முடிந்து, டிக்கி மூடி, “நினைவு தெரிந்த நாளிலிருந்து கேங்ஸ்டர் ஆகத்தான் ஆசைப்பட்டேன்” என்ற பொருளில் ஹென்றி சொன்ன பிறகு. ரத்தத்தைக் கண்முன்னால் காட்டிவிட்டுச் சந்தோஷமான பாட்டைப் போடும்போதுதான் அந்த ஆசை நமக்கு உறைக்கிறது.

5. யார் யாரிடம் கேட்கிறார்கள்

முக்கியமான படி இதுதான், அவசரப்படாதீர்கள். நோட்டில் இரண்டு பத்தி போடுங்கள். இடது பக்கம் கேட்கிறவர், வலது பக்கம் கொடுக்கவோ மறுக்கவோ கூடியவர். காட்சியில் வரும் ஒவ்வொரு கேள்வி, கெஞ்சல், கட்டளையையும் இந்த இரண்டு பத்தியில் பிரித்துப் போடுங்கள்.

காட்ஃபாதரில் பொனசேரா கேட்கிறார், டான் மறுக்கிறார். மறுக்கும் காரணத்தைக் கவனியுங்கள். கொலை பாவம் என்பதற்காக மறுக்கவில்லை. உன் மகள் உயிரோடுதானே இருக்கிறாள், அப்படியிருக்க உயிரைக் கேட்பது நியாயம் ஆகாது என்கிறார். அதற்கு மேல், இத்தனை வருஷமாக என்னை ஒரு காபிக்குக்கூடக் கூப்பிடவில்லையே என்கிறார். அவருக்குப் பணம் பெரிதில்லை, மரியாதைதான் கணக்கு. கையை முத்தமிட்டு ‘காட்ஃபாதர்’ என்று அழைத்த பிறகுதான் வேலை நடக்கிறது. ஆளின் குணம், தொழிலின் விதி, ஊரில் அவர் இடம் எல்லாமே இந்த ஒரு பேரத்திலேயே வந்துவிட்டன.

இதற்கு நேர் எதிர் 1983-ன் ஸ்கார்ஃபேஸ். கியூபாவிலிருந்து அகதியாக வந்திறங்கிய டோனி மொன்டானாவை அதிகாரிகள் சூழ்ந்து விசாரிக்கிறார்கள். கேமரா அவனைச் சுற்றி வருகிறது. கேட்கிறவர்கள்தான் இங்கே மேலே இருக்கிறார்கள், பதில் சொல்கிறவனுக்கு நாற்காலி மட்டும்தான். ஆனால் அவன் பயப்படாமல் பொய் சொல்கிறான், எதிர்த்துப் பேசுகிறான். ஒன்றும் இல்லாத இடத்திலிருந்து எவ்வளவு தூரம் போகப்போகிறான் என்பது அந்தத் திமிரிலேயே தெரிகிறது.

குட்ஃபெல்லாஸில் கேள்வி பதில் கிடையாது. அங்கே ஒரே வேலைக்கு மூன்று பேர் என்ன செய்கிறார்கள் என்று எழுதுங்கள். டாமி வெறியோடு கத்தியால் குத்துகிறான். ஜிம்மி நிதானமாகச் சுடுகிறான். ஹென்றி டிக்கியைத் திறக்கிறான், நின்று பார்க்கிறான், மூடுகிறான். மூன்று பேரின் குணமும் படம் முழுக்க அதேதான்.

6. எந்த வகைப் படம் என்பதைக் காட்சி எங்கே சொல்கிறது

துப்பாக்கியும் அரிவாளும் இருந்தால் கேங்ஸ்டர் படம் என்று எழுதிவிடாதீர்கள். போலீஸ் படத்திலும் அவை உண்டு. சட்டத்துக்கு வெளியே இன்னொரு சட்டம் ஓடுகிறது என்று காட்டும் இடம்தான் இந்த ஜானரின், அதாவது இந்தப் பட வகையின், முத்திரை. அந்த இடத்தின் நிமிடத்தையும் நொடியையும் குறியுங்கள்.

அதற்குள்ளும் கிளைகள் இருக்கின்றன. 1987-ல் வந்த நாயகன் சிறுவனிடமிருந்து தொடங்குகிறது. அவனை நம்பவைத்துப் பின்தொடர்ந்து போய், தொழிற்சங்கத் தலைவரான அவன் அப்பாவைப் போலீஸ் சுட்டுவிடுகிறது. பையன் போலீஸ்காரரைக் குத்திவிட்டு பம்பாய்க்கு ஓடுகிறான். சட்டத்தை நம்பாத ஒருவன் எப்படி உருவாகிறான் என்பதுதான் படம், அது அங்கேயே முடிவாகிவிடுகிறது. சுப்ரமணியபுரம் 2008-ல், சிறையிலிருந்து வெளியே வருகிறவன் வாசலிலேயே குத்துப்படுவதில் தொடங்கி 1980-க்குத் திரும்புகிறது. அதன் பிறகு அந்த நண்பர்கள் எவ்வளவு சிரித்தாலும் நமக்கு அடிவயிற்றில் ஒரு பயம் இருந்துகொண்டேயிருக்கும். அது எழுச்சிக் கதை அல்ல, துரோகக் கதை.

ஆரண்ய காண்டத்தைத் தனியாக ஒரு முறை பாருங்கள். தர்மம் எது என்ற கேள்வியோடு ஆரம்பித்து, அடுத்து நாம் பார்க்கும் தாதா படுக்கையறையில் இயலாமல்போய் ஆத்திரத்தைப் பெண்ணின் மேல் காட்டுகிற வயதான ஆள். ஜானர் நமக்குப் பழக்கிவைத்த பில்டப்பை முதல் நிமிடத்திலேயே கழற்றி வைத்துவிடுகிறார்கள். விதி தெரிந்தவர்களால்தான் இப்படி மீற முடியும். புதியவர்கள் நேரே இதைப் பார்த்து எழுதும்போது மீறல் மட்டும் இருக்கும், விதி இருக்காது. அதனால்தான் இதை ஆறாவது படியில் வைத்தேன்.

7. எதை மறைத்தார்கள் என்று எழுதுங்கள்

இதுவரை காட்டியதை எழுதினீர்கள். இப்போது காட்டாததை எழுதுங்கள். 2018-ன் வடசென்னை, கொலையை முடித்த நாலு பேர் ஒரு சாப்பாட்டுக் கடையில், ரத்தம் படிந்த ஆயுதங்களை மேஜையில் போட்டுவிட்டுப் பேசுவதில் தொடங்குகிறது. செத்தது யார் என்று அங்கே நமக்கு விளங்காது. அது தெரியும்போது அந்த மேஜையில் உட்கார்ந்திருந்த ஒவ்வொருவரையும் வேறு கண்ணால் பார்ப்போம்.

குட்ஃபெல்லாஸிலும் அந்தக் கார் காட்சி நடுவில் மறுபடி வரும். டாமியின் கையில் இருந்த கத்தி அவன் அம்மா வீட்டுச் சமையலறைக் கத்தி என்பது அப்போதுதான் தெரியவரும்.

பெயரை மறைக்கலாம், காரணத்தை மறைக்கலாம். ஆனால் யார் மேலே, யார் கீழே என்பதை மறைத்துவிட்டால் பார்க்கிறவருக்குக் காட்சியே புரியாது.

8. இனி உங்கள் காட்சியை எழுதுங்கள்

இரண்டு படங்களையாவது மேலே சொன்னபடி முடித்த பிறகே இங்கே வாருங்கள்.

எங்களோடு வரும் தேவனாம்பட்டினத்துப் பெண் ஒருவர் எழுதிவந்த முதல் வடிவத்தில், கடலூர் முதுநகர் துறைமுகத்துக்கு ஒரு தாதா ஜீப்பில் வந்து இறங்கி மூன்று பேரை அடித்தார். “அந்த இடத்தில் தினமும் யார் யாரிடம் கேட்கிறார்கள்?” என்று கேட்டேன். “மீன் ஏலத்தில் எல்லாரும் கேட்பார்கள்” என்றார். அங்கிருந்து மறுபடி எழுதினோம்.

விடியற்காலை. ஒரு கூடை வஞ்சிரம். ஏலம் விடுகிறவர் தொண்டை கிழியக் கத்துகிறார், மூவாயிரம், மூவாயிரத்து ஐநூறு. ரப்பர் செருப்பு போட்ட ஒருவர் கூட்டத்துக்குள் வந்து நிற்கிறார். அவரோடு வந்த பையன் கூடையின் மேல் ஒரு துண்டைப் போடுகிறான். ஏலக்காரரின் குரல் தானாக இறங்குகிறது. “நாலாயிரம்... ஒரு தரம்.” யாரும் வாய் திறக்கவில்லை. புதுச்சேரியிலிருந்து முதல் நாள் மீன் எடுக்க வந்த ஒருவன் மட்டும் விவரம் தெரியாமல், “நாலாயிரத்து ஐநூறு” என்கிறான்.

அமைதி. பக்கத்தில் நிற்கும் மீன்காரம்மா அவன் பக்கம் திரும்பாமலே, “தம்பி, உன் ஐஸ் பெட்டி எங்க? போய் எடுத்துட்டு வா” என்கிறார். அவன் போகிறான். “நாலாயிரம், ரெண்டு தரம், மூணு தரம்.” செருப்புக்காரர் கூடையிலிருந்து ஒரு மீனை எடுத்து அந்த அம்மாவின் கூடையில் வைத்துவிட்டு நடக்கிறார். ஐஸ் பெட்டியோடு திரும்பி வருகிறவன் தூரத்திலிருந்து அதைப் பார்க்கிறான்.

அடி இல்லை, ஆயுதம் இல்லை. ஆனால் அங்கே ஓடும் இன்னொரு சட்டம் துண்டில் தெரிகிறது. ஆளின் குணம் அந்த ஒரு மீனில் தெரிகிறது. அது நன்றியா, மிரட்டலா என்று சொல்லாமல் விட்டதுதான் அடுத்த காட்சிக்குப் பிடி. மீன்காரம்மாவின் அந்த ஒரு வரியை இன்று படித்தாலும் எனக்குச் சிலிர்க்கும். ஊரின் பயமும் ஊரின் இரக்கமும் ஒரே வரியில் வந்திருக்கின்றன. அதை எழுதியது அந்தப் பெண்தான், நான் இல்லை.

எழுதும் வரிசை இப்படி இருக்கட்டும். முதலில் இடம், அடுத்து அந்த இடத்தின் வழக்கம், பிறகு வழக்கம் நின்றுபோகும் நொடி, கடைசியில்தான் தாதா. தாதாவிலிருந்து ஆரம்பித்தால் கார் கதவுக்கே திரும்பிப் போய்விடுவீர்கள்.

9. ஊரைச் சரியாக வையுங்கள்

நம் பகுதியில் எடுக்கும் படங்களில் அடிக்கடி நடக்கும் பிழை இது. கதை கடலூர் என்பார்கள், பின்னால் சிவப்புத் தொப்பி போட்ட புதுச்சேரிப் போலீஸ்காரர் நடந்துபோவார். வண்டி நம்பரும் அப்படித்தான். கடலூருக்கு டி.என். 31, புதுச்சேரிக்கு பி.ஒய். 01. ஃப்ரேமில் எது வருகிறது என்று ஒவ்வொரு ஷாட்டுக்கும் பாருங்கள்.

இதையே கதைக்குப் பயன்படுத்தலாம். புதுச்சேரியில் சாராய விலை குறைவு என்பதால் எல்லையில் சோதனை நடக்கும். ஆல்பேட்டை சோதனைச்சாவடியில் ஒரு மொபெட்டை மட்டும் நிறுத்தாமல் அனுப்பிவிட்டால், அந்த ஒரு ஷாட்டே முதல் காட்சி ஆகிவிடும்.

10. எடுக்கப் போகும் முன்

பொது இடத்தில் எடுப்பதென்றால் அனுமதி வாங்கிக்கொள்ளுங்கள். அந்த எல்லைக்குரிய காவல் நிலையத்தில் எழுத்தில் தெரிவித்துவிடுங்கள். ஆயுதம் அட்டையில் செய்தது என்றாலும் சொல்லிவிடுங்கள். ஒரு முறை எங்கள் பையன்கள் வெள்ளி பெயின்ட் அடித்த அட்டை அரிவாளோடு தெருமுனையில் நின்றதைப் பார்த்து யாரோ போலீஸுக்குப் போன் செய்துவிட்டார்கள். அன்றைய மாலை வெளிச்சம் முழுக்க விளக்கம் சொல்வதிலேயே போனது. துறைமுகத்தில் எடுப்பதானால் ஏலம் முடிந்த பிறகு எடுங்கள். அவர்கள் பிழைப்பு நடக்கும் நேரத்தில் கேமராவோடு குறுக்கே நிற்கக் கூடாது.

11. படித்துக் காட்டிச் சோதியுங்கள்

கதை தெரியாத ஒருவரிடம் முதல் இரண்டு பக்கத்தை மட்டும் கொடுங்கள். விளக்கம் எதுவும் சொல்லாதீர்கள். படித்து முடித்ததும் மூன்று கேள்வி கேளுங்கள். இங்கே யார் சொன்னால் நடக்கும்? அவருக்கு எது முக்கியம்? அவரை மீறினால் என்ன ஆகும்?

முதல் கேள்விக்கு பதில் வராவிட்டால் 5-ம் படிக்குத் திரும்பி இரண்டு பத்தியையும் மறுபடி நிரப்புங்கள். இரண்டாவதற்கு வராவிட்டால் உங்கள் ஆள் இன்னும் எதையும் மறுக்கவில்லை என்று அர்த்தம், ஒரு மறுப்பை எழுதுங்கள். மூன்றாவதற்கு, “அடிப்பார், வெட்டுவார்” என்று மட்டும் பதில் வந்தால் மீன்காரம்மா மாதிரி ஒருவர் உங்கள் காட்சியில் இல்லை. அவரைத் தேடிக்கண்டுபிடித்த பிறகு கேமராவை எடுங்கள்.